தேவதைக் கதைகளின் முகம்: ஐரோப்பியக் கதைப்படங்களிற் பல்லினப் பிரதிநிதித்துவம் – ஒரு வரலாற்று நோக்கு

மரபு என்னுஞ் சொல் பெரும்பாலும் வினாவுக்கு அப்பாற்பட்ட ஒன்றாகவே கையாளப்படுகின்றது. ஒரு பொருள் மரபுவழி வந்தது எனக் கூறப்பட்டதும், அது எப்பொழுது, எவரால், எத்தேவை கருதி அவ்வடிவம் பெற்றது என்ற ஆராய்ச்சி அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. ஐரோப்பியத் தேவதைக் கதைகளைத் தழுவிய திரைப்படங்கள் பற்றி அண்மைக் காலத்தில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இதற்குத் தக்க சான்றாகும். 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டிஸ்னி நிறுவனம் தனது ‘சின்னஞ்சிறு கடற்கன்னி’ படத்தின் புதிய ஆக்கத்தில் ஹாலி பெயிலி என்ற ஆபிரிக்க அமெரிக்கப் பாடகி கதாநாயகியாக நடிப்பார் என அறிவித்தபோது பலத்த எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. கதை டென்மார்க்குக்கு உரியது. அதன் நாயகி வெண்ணிறத்தவளாகவே இருத்தல் வேண்டும். அதனை மாற்றுவது மரபைச் சிதைப்பதாகும் என்பதே அக்குரல்களின் சாரம். 2023இற் படம் வெளிவந்த பின்னரும் வாதம் ஓயவில்லை. 2025இல் வெளிவந்த ‘ஸ்னோ வைற்’ படத்தையொட்டி அது மீண்டுந் தலைதூக்கியது.

இவ்வாதத்தை ரசனை வேறுபாடு எனக் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. குழந்தைகள் முதன்முதலிற் காணும் கதைகளில் யார் அரசிளங்குமரி, யார் சூனியக்காரி, யார் பணியாள், யார் கண்ணிற் படாதவர் என்பன தீர்மானிக்கப்படும்போது, சமூகத்தில் யாருக்கு எவ்விடம் என்பதும் ஓரளவுக்குத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அமெரிக்காவிற் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியர் நடாத்திய பொம்மைப் பரிசோதனைகள் ஈண்டு நினைவுகூரத்தக்கன. நிறத்தையன்றி வேறெதிலும் வேறுபடாத பொம்மைகள் முன்வைக்கப்பட்டபோது, கறுப்பினக் குழந்தைகளுட் பலர் வெண்ணிறப் பொம்மையையே நல்லதென்றும் அழகியதென்றும் தெரிந்தெடுத்தனர். பாடசாலைகளில் நிறப்பாகுபாடு சட்டவிரோதமானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் இவ்வாய்வும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே, கதையின் முகம் பற்றிய வினா கதைக்கு வெளியேயும் விளைவுகளை உடையது.

ஐரோப்பியத் தேவதைக் கதைகள் உண்மையில் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியனவா? அவை திரைக்கு வந்தபோது யாருடைய முகத்தைப் பெற்றன, யாருடைய முகத்தை விலக்கின? அண்மைக்கால மாற்றங்கள் எவ்வளவு தூரம் சென்றுள்ளன? இம்மூன்று வினாக்களையும் வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைகளின் வழித்தடம்

சிண்டரெல்லா கதையை எடுத்துக்கொள்வோம். சாம்பலிற் கிடந்த பெண், இழந்த பாதணியினால் அரசனுக்கு மனைவியாகும் இக்கதை சாள்ஸ் பெறோ 1697இல் வெளியிட்ட பிரெஞ்சுத் தொகுதியின் மூலமே உலகப் புகழெய்தியது. கண்ணாடிப் பாதணியும் பூசணிக்காய் வண்டியும் அவர் தந்தவை. ஆயின், அவருக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நாப்பொலி நகரத்து யம்பத்திஸ்தா பசீலே தமது வட்டார மொழியில் இக்கதையை எழுதியிருந்தார். அவர் இறந்தபின் 1634 முதல் 1636 வரை அத்தொகுதி அச்சேறியது. இவ்விருவருக்கும் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது சீனக் கதை. ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்பார் தொகுத்த நூலில் யே சியென் என்ற பெண்ணின் கதை இடம்பெறுகின்றது. மாற்றாந்தாயின் கொடுமை, அற்புத உதவி புரியும் மீனின் எலும்புகள், விழாவில் இழந்த பொற்பாதணி, அதனைக் கொண்டு அவளைத் தேடிக் கண்டடையும் அரசன் என யாவும் அங்கே உள்ளன. எது மூலம், எது வழி என்ற வழக்கைத் தீர்க்க முனைவது நமது நோக்கமன்று. பெறோவின் ஏட்டிலே கதை பிறந்தது என்று கொள்வதற்கு இடமில்லை என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

அலாவுதீன் கதையின் வரலாறு மேலும் சுவையானது. அந்துவான் கலன் பிரெஞ்சிற் பெயர்த்து 1704 முதல் வெளியிட்ட ‘ஆயிரத்தோர் இரவுகள்’ தொகுதியில் அக்கதை இடம்பெற்றது. அவர் கையாண்ட அராபிய ஏட்டில் அது இருக்கவில்லை. அலெப்போ நகரிலிருந்து பரிஸ் சென்ற ஹன்னா தியாப் என்ற சிரியக் கிறித்தவ இளைஞர் 1709இற் கலனுக்கு வாய்மொழியாகக் கூறிய கதை அது. கதை நிகழுமிடம் சீனம். கொடிய மந்திரவாதி ஆபிரிக்காவின் மேற்குக் கோடியிலிருந்து வருபவன். சிரியர் ஒருவர் கூற, பிரெஞ்சுக்காரர் எழுத, சீனத்தில் நிகழும் இக்கதையை எந்நாட்டு மரபெனச் சொல்வது?

நமது தீவும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1557இல் வெனிசு நகரில் இத்தாலிய மொழியில் அச்சேறிய ‘செரண்டிப் அரசனின் மூன்று இளவரசர்’ பற்றிய கதைநூல் இலங்கையின் பழம்பெயரையே தலைப்பிற் கொண்டது. பஞ்சதந்திரத்தை 1859இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்த தியடோர் பென்பை, ஐரோப்பியக் கதைகளுட் பெரும்பாலானவற்றின் தாயகம் இந்தியாவே என வாதிட்டார். அவரது கோட்பாடு பிற்கால ஆய்வாளரால் முழுமையாக ஏற்கப்படவில்லை. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞருலகமே தன் கதைகளின் வேரைக் கீழைத்தேயத்தில் தேடியது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

இவ்வாறு அலைந்து திரிந்த கதைகளுக்குத் தேசிய முத்திரை இடப்பட்டமை ஒரு குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலின் விளைவாகும். கிறிம் சகோதரர் தமது தொகுதியின் முதற் பாகத்தை வெளியிட்ட 1812ஆம் ஆண்டில் அவர்கள் வாழ்ந்த கசல் நகரம் நெப்போலியனின் தம்பியினது ஆட்சியில் இருந்தது. அந்நியராட்சியின் கீழ், சிதறிக் கிடந்த ஜேர்மன் மக்களுக்குப் பொதுவான ஆன்ம ஊற்றொன்றைக் காட்டும் முயற்சியாக அத்தொகுதி அமைந்தது. அம்முயற்சியின் நியாயத்தை நாம் மறுத்தற்கில்லை. ஆனால், அவர்களுக்குக் கதை கூறியோருட் குறிப்பிடத்தக்க பங்கினை வகித்த ஹசன்ப்ளுக் குடும்பத்துப் பெண்கள், மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பிரான்சிலிருந்து வெளியேறிய புரட்டஸ்தாந்தரின் வழிவந்தவர்கள். துயிலும் அழகியின் கதையை மரீ ஹசன்ப்ளுக் கூறினார். அது பெறோவின் கதையை ஒத்திருந்தமையை அறிந்தும், பழைய வடபுல வீரகாவிய நாயகியான புறுன்ஹில்டோடு அதனைத் தொடர்புபடுத்திச் சகோதரர்கள் அதற்குத் தேசிய உரிமை தேடினர். அகதிகளின் வழித்தோன்றல் சொன்ன கதை, இனத்தூய்மையின் சான்றாக மாறிய விந்தை இதுவே. அதே தொகுதியில் ‘முட்புதரில் யூதன்’ என்ற கதையும் உண்டு. முட்களுக்கிடையே ஆடச் செய்து துன்புறுத்தப்படும் யூதன் ஈற்றில் தூக்கிலிடப்படுகின்றான். அது நகைச்சுவையாகக் கூறப்படுகின்றது. ஒரு தொகுதி ‘நம்மவர்’ என்ற வட்டத்தை வரையும்போது, வட்டத்துக்கு வெளியே எவரையேனும் நிறுத்தாமல் விடுவதில்லை.

ஏட்டிலிருந்து திரைக்கு

வாய்மொழிக் கதையிலும் அச்சேறிய கதையிலும் பாத்திரங்களுக்கு நிலையான முகம் இல்லை. ‘முன்னொரு காலத்தில் ஓர் அரசன்’ என்றதும் கேட்பவன் தான் அறிந்த முகமொன்றை அவ்வரசனுக்கு அளித்துவிடுகின்றான். திரைப்படத்தில் அச்சுதந்திரம் இல்லை. கமராவின் முன் எவரேனும் ஒருவர் நின்றாக வேண்டும். அல்லது சித்திரக்காரன் குறிப்பிட்ட முகமொன்றை வரைந்தாக வேண்டும். இக்காரணத்தினாலேயே பிரதிநிதித்துவம் என்ற பிரச்சினை ஏட்டைவிடத் திரையிற் கூர்மை பெறுகின்றது.

திரைப்படம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தேவதைக் கதைகள் அதற்குப் பொருளாயின. பிரான்சில் ஜோர்ஜ் மெலியேஸ் 1899இற் ‘சிண்டரெல்லா’வையும் 1901இல் ‘நீலத்தாடி’யையும் எடுத்தார். பூசணிக்காய் வண்டியாக மாறும் மாயத்தைக் காட்டுதற்கு இப்புதிய சாதனத்தைவிட ஏற்றது வேறில்லை. தமது நாட்டு நடிகரைக் கொண்டு தமது மக்களுக்கெனப் படமெடுத்த அக்காலத்தில், நிறம் பற்றிய வினாவே எழவில்லை. வினா எழாமைக்கும் வினா இல்லாமைக்கும் வேறுபாடு உண்டு. அதே பிரான்சு அன்று ஆபிரிக்காவிலும் இந்தோசீனத்திலும் கோடிக்கணக்கான மக்களை ஆண்டுகொண்டிருந்தது.

இக்காலப் பகுதியில் தனித்து நோக்கற்பாலது ஜேர்மனியரான லொட்டே றைனிகரின் ‘இளவரசர் அஹ்மத்தின் சாகசங்கள்’. 1926இல் வெளிவந்த இப்படம் இற்றைவரை எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப்படங்களுள் மிகப் பழையது. கறுப்பு அட்டையைக் கத்தரித்து உருவங்கள் செய்து, ஒளியூட்டிய கண்ணாடிமேல் வைத்துச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தார். நிழலுருவில் அனைவரும் ஒரே நிறத்தவர். அரசனும் அடிமையும் அராபியனும் சீனனும் கறுப்பு வடிவங்களே. நிறப்பாகுபாடு இயல்பாகவே அற்றுப்போகும் கலைவடிவம் இது எனத் தோன்றலாம். ஆயின் நிழலுருவில் தோலின் நிறம் மறைந்தாலும் முகவெட்டு மறைவதில்லை. மூக்கு, உதடு, முதுகின் கூன், கைவிரல்கள் ஆகியவற்றைக் கொண்டே ஆபிரிக்க மந்திரவாதி இழிந்தவனாகக் காட்டப்படுகின்றான். நிறத்தை நீக்கியதனால் இனம் பற்றிய கற்பிதங்கள் நீங்கிவிடவில்லை.

உலகெங்கும் பரவிய முகத்தைத் தேவதைக் கதைக்கு அளித்தவர் வால்ற் டிஸ்னியே. 1937 டிசெம்பர் 21இல் லொஸ் ஏஞ்சல்சில் முதன்முதற் காட்டப்பட்ட ‘ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும்’ நிறப்படமாக அமைந்தது. அதன் காட்சியழகை வகுத்தோருள் அல்பேட் ஹேட்டர் சுவிற்சலாந்திற் பிறந்தவர். குஸ்டாவ் ரெங்கிரன் சுவீடனிற் பிறந்தவர். குடியேறிய கலைஞர் தமது நினைவிலிருந்த ஐரோப்பாவை அமெரிக்கத் தொழிற்கூடத்தில் மீள வரைந்தனர். 1950இற் ‘சிண்டரெல்லா’வும் 1959இல் ‘துயிலும் அழகி’யும் தொடர்ந்தன. படம் மட்டுமன்றிப் பொம்மையாகவும் புத்தகமாகவும் ஆடையாகவும் அம்முகங்கள் விற்பனையாயின. இன்று பலர் ‘மரபு’ எனப் பாதுகாக்க முனைவது பெரும்பாலும் இவ்விருபதாம் நூற்றாண்டு வணிகப் படிமத்தையே. ‘கடற்கன்னி’ வழக்கே இதற்குச் சான்று. அண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையில் அவளது மேனி ரோசா இதழையும் கண்கள் ஆழ்கடலையும் ஒத்தன எனக் கூறப்படுவது உண்மையே. எதிர்ப்பாளருக்கு மூலத்தில் ஆதாரம் அறவே இல்லை எனல் தகாது. ஆயின் அக்கதையின் உயிர்நாடியான துயர முடிவை 1989ஆம் ஆண்டுப் படம் நீக்கிவிட்டுத் திருமணத்தைப் புகுத்தியது. செந்நிறக் கூந்தலும் அப்படத்தின் கொடையே. கதையின் பொருளையே தலைகீழாக்கிய அம்மாற்றத்தை மரபு மீறலெனக் கண்டிக்காது மகிழ்ந்தேற்ற தலைமுறை, மேனியின் நிறம் மாறியபோது மட்டும் மரபை நினைவுகூர்ந்தது. எது மாறலாம், எது மாறலாகாது என்ற இத்தெரிவிலேதான் மரபுவாதத்தின் உண்மையான அக்கறை வெளிப்படுகின்றது.

அயலார் பெற்ற பாத்திரங்கள்

பழைய கதைப்படங்களிற் பிற இனத்தவர் முற்றாக இல்லாதிருந்தனர் எனக் கூறுவது தவறு. அவர்கள் இருந்தனர், எத்தகைய வேடங்களில் இருந்தனர் என்பதே நோக்கற்பாலது. 1933இல் டிஸ்னி வெளியிட்ட ‘மூன்று சிறு பன்றிகள்’ படத்தில், வஞ்சக ஓநாய் யூதத் தெருவியாபாரி போல வேடமிட்டு வருகின்றது. ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டு அது. பிற்காலத்தில் அக்காட்சி மாற்றி வரையப்பட்டது. இக்கதையைத் தமது ‘ஆங்கிலத் தேவதைக் கதைகள்’ நூலில் 1890இற் சேர்த்துப் பரவலாக்கிய ஜோசப் ஜேக்கப்ஸ், சிட்னியிற் பிறந்த யூதர். கதையை ஆங்கில மரபுக்குப் பேணித் தந்தவரின் இனமே, அக்கதை திரையேறியபோது வஞ்சகத்தின் வேடமாயிற்று.

1943இல் வோணர் நிறுவனத்திற்காக பொப் கிளம்பெற் எடுத்த ‘கோல் பிளக்’ என்ற குறும்படம் ‘ஸ்னோ வைற்’ கதையின் கேலித் தழுவல். பாத்திரங்கள் யாவரும் கறுப்பினத்தவர். ஜாஸ் இசையும் கறுப்பினக் கலைஞரின் குரல்களும் அதற்கு உயிரூட்டின. ஆயினும் தடித்த உதடுகளும் உருளும் விழிகளுமாகப் பழைய கேலிமேடை உருவங்களே திரையிற் தோன்றின. 1968 முதல் அது தொலைக்காட்சியிற் காட்டப்படாது விலக்கிவைக்கப்பட்டது. பங்குபற்றுதல் வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்பதை இப்படம் தெளிவுறுத்துகின்றது. குரல் தந்தோர் கறுப்பினத்தவராயினும் அவர்களது உருவத்தைத் தீர்மானித்த தூரிகை பிறர் கையில் இருந்தது.

சமதர்மம் பேசிய கிழக்கு ஜேர்மனியிலும் இக்குறை முற்றாக நீங்கவில்லை. வில்ஹெம் ஹவ்வின் கதையைத் தழுவி வொல்ப்காங் ஸ்ரவுட 1953இல் எடுத்த ‘சிறுவன் முக்கின் கதை’ உடற்குறையுள்ள ஒருவனை ஊரார் இகழ்வதைக் கண்டிக்கும் மனிதாபிமானப் படம். அந்நாட்டின் அரச நிறுவனம் தயாரித்த படங்களுள் மிகப் பெருந்தொகையினர் கண்டுகளித்தவற்றுள் ஒன்று. அதன் களம் கீழைத்தேயம். ஆனால் அக்கீழைத்தேயத்தவர் தலைப்பாகை அணிந்த ஜேர்மன் நடிகரே. அயலார்மீது அனுதாபம் உண்டு, அயலார் இல்லை.

1992இல் டிஸ்னி ‘அலாவுதீன்’ படத்தை வெளியிட்டபோது கீழைத்தேய நாயகன் ஒருவன் முதன்மை பெற்றான். எனினும் நாயகனும் நாயகியும் அமெரிக்க உச்சரிப்பிற் பேச, காவலரும் சந்தைக் கடைக்காரரும் கொச்சையான அயல் உச்சரிப்பிற் பேசினர். தொடக்கப் பாடலில் அராபிய நாட்டைக் காட்டுமிராண்டித்தனத்தோடு இணைத்த அடிகளை அராபிய அமெரிக்கர் அமைப்பு எதிர்த்தது. 1993இல் வீட்டுப் பாவனைக்கான ஒளிநாடா வெளிவந்தபோது அவற்றுள் ஒரு பகுதி மாற்றப்பட்டது. சித்திரிக்கப்பட்டோர் வாய்திறந்து கேட்டதனால் மாற்றம் நிகழ்ந்த சந்தர்ப்பம் என்ற வகையில் இது முக்கியமானது.

முகங்கள் மாறியபோது

1997 நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘சிண்டரெல்லா’ இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். றொட்ஜேஸ், ஹமஸ்ரைன் ஆகியோரின் இசைநாடகம் முதலில் 1957இல் ஜூலி அன்ட்றூஸ் நடிக்க ஒளிபரப்பானது. நாற்பது ஆண்டுகளின் பின், அதே நாடகத்தில் பிறண்டி என்ற கறுப்பின இளம் பாடகி சிண்டரெல்லாவாகத் தோன்றினார். தயாரிப்பாளருள் ஒருவரான விற்னி ஹூஸ்ரன் தேவதைத் தாயாக நடித்தார். அரசன் வெள்ளையர், அரசி கறுப்பினத்தவர், அவர்களின் மகனான இளவரசனாக நடித்தவர் பிலிப்பைன்சிற் பிறந்தவர். மாற்றாந்தாய் வெள்ளையர், அவரது மகளிருள் ஒருத்தி வெள்ளையர், மற்றவள் கறுப்பினத்தவள். இதுபற்றிக் கதைக்குள் எவரும் ஒரு வார்த்தைதானும் பேசுவதில்லை. ஏறத்தாழ 6 கோடி மக்கள் அவ்விரவில் அதனைக் கண்டனர்.

இம்முறையின் வலிமை அதன் மௌனத்திலேயே உள்ளது. தேவதைக் கதையின் உலகம் சரித்திர உலகம் அன்று. எலி குதிரையாகும் நாட்டில், பெற்றோரின் நிறமும் பிள்ளையின் நிறமும் பொருந்த வேண்டும் என எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. இம்மௌனத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. கதையைச் சரித்திரத்திற்குள் இறக்கி நிறுத்தியதும் அதே மௌனம் மறைப்பாக மாறிவிடுகின்றது. 2009இல் வெளிவந்த ‘அரசிளங்குமரியும் தவளையும்’ இதற்கு எடுத்துக்காட்டு. கிறிம் தொகுதியின் முதற் கதையான தவளை அரசன் கதையின் வழிவந்த இப்படத்தின் நாயகி தியானா, டிஸ்னி அரசிளங்குமரியருள் முதற் கறுப்பினத்தவள். தயாரிப்பின் தொடக்கத்தில் அவளுக்குப் பணிப்பெண் வேடம் வகுக்கப்பட்டிருந்தது. கண்டனங்களின் பின் அவளது பெயரும் தொழிலும் மாற்றப்பட்டன. உழைத்துச் சொந்தமாக உணவகம் அமைக்க விரும்பும் அவளது உருவாக்கம் பாராட்டத்தக்கதே. ஆயின் கதை நிகழ்வது நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த 1920களின் நியூ ஓர்லியன்சில். அப்பாகுபாட்டின் கொடுமை படத்தில் மங்கலாகவே தெரிகின்றது. அன்றியும், அரிதாகத் திரைக்கு வந்த கறுப்பின நாயகி படத்தின் பெரும்பகுதியைத் தவளையுருவிலேயே கழிக்க நேர்ந்தமை விமர்சகரின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கரீபியன் தீவுச் சூழலில் அமைந்த 2023ஆம் ஆண்டுக் ‘கடற்கன்னி’யும் அடிமைமுறையின் வடுவற்ற கற்பனைத் தீவையே காட்டியது.

2025ஆம் ஆண்டு ‘ஸ்னோ வைற்’ மற்றொரு சிக்கலை எழுப்பியது. தாய்வழியிற் கொலம்பிய வம்சத்தவரான றேச்சல் செக்லர் நாயகியாக நடித்தார். வெண்பனி போன்ற மேனி என்பதே மூலத்தில் அவளது பெயருக்குக் காரணம் ஆகையால், பனிப்புயலிற் பிறந்தமையால் அப்பெயர் பெற்றாள் எனக் கதை மாற்றப்பட்டது. குள்ளர் பாத்திரங்கள் பற்றிய விவாதம் இதனினும் ஆழமானது. குகையில் வாழும் ஏழு குள்ளர் என்ற பழைய படிமத்தை மீளக் காட்டுவதை, வளர்ச்சிக் குறைபாடுடைய புகழ்பெற்ற நடிகர் பீற்றர் டிங்கிலேஜ் 2022இற் கண்டித்தார். ஈற்றில் அப்பாத்திரங்கள் கணினியால் உருவாக்கப்பட்டன. அதே உடலமைப்புடைய வேறு நடிகர் சிலரோ, தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய அரிய தொழில்வாய்ப்பு பறிபோனது என முறையிட்டனர். இழிவான படிமத்தை நீக்குதலும் தொழிலுரிமையைப் பேணுதலும் ஒன்றோடொன்று மோதிய இடம் இது. ஒரு சமூகத்தவர் அனைவரும் ஒரே குரலிற் பேசுவர் என எதிர்பார்ப்பதும் அவர்களைத் தனிமனிதராகக் காணத் தவறுவதேயாகும்.

தீர்மானிப்பவர் யார்?

இவ்விடத்தில் நமது ஆய்வின் மையத்தை அடைகின்றோம். திரையில் எந்நிறத்தவர் தோன்றுகின்றனர் என்ற வினா முக்கியமானதே. அதனினும் அடிப்படையானது, அவர்கள் எவ்வாறு தோன்ற வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பது. அண்டர்சனின் ‘பனி அரசி’ கதை திரைகண்ட வரலாறு இதனை விளக்கும்.

1844இல் வெளிவந்த அக்கதையில், காணாமற்போன நண்பனைத் தேடி வடதிசை செல்லும் சிறுமி கெர்டாவுக்கு லாப்லாந்துக் கிழவி ஒருத்தியும் பின்மார்க்குப் பெண் ஒருத்தியும் உதவுகின்றனர். காகிதம் இல்லாமையால் உலர்ந்த மீனில் செய்தி எழுதி அனுப்புகின்றாள் லாப்லாந்துக் கிழவி. விநோத மாந்தராக அண்டர்சன் அவர்களைத் தீட்டினாரெனினும், கதையின் மிக உயர்ந்த ஞானத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தார். ஐரோப்பிய மூலத்திலேயே ஐரோப்பாவின் சிறுபான்மையோர் இடம்பெற்றிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆர்மேனிய வம்சத்தவரான லெவ் அத்தமானோவ் 1957இற் சோவியத் நாட்டில் எடுத்த சித்திரப்படத்திலும் அவ்வடபுலப் பெண்கள் இடம்பெற்றனர்.

2013இல் டிஸ்னி இக்கதையின் தூண்டுதலாற் ‘புரோசன்’ படத்தைத் தயாரித்தபோது நிலைமை வேறாயிற்று. வடபுல ஆதிக்குடியினரான சாமி மக்களின் கலைமான் வளர்ப்பும் உடைமரபும் அதிற் பயன்பட்டன. தென்சாமி இசையமைப்பாளர் புறூட ஃபியெல்ஹைமின் இசையோடு படம் தொடங்கியது. ஆயின் அம்மக்களின் பெயரோ வரலாறோ கதையில் இல்லை. உடையும் இசையும் எடுக்கப்பட்டன, உடையவர் விடப்பட்டனர். இதுபற்றிய கண்டனங்களுக்குப் பின், இரண்டாம் படம் தயாராகியபோது நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் சாமி நாடாளுமன்றங்களும் சாமி பேரவையும் 2019இல் அந்நிறுவனத்துடன் எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டன. சாமி அறிஞரும் கலைஞரும் அடங்கிய ஆலோசனைக் குழு அமைந்தது. படத்தை வடசாமி மொழியிலும் வெளியிட நிறுவனம் உடன்பட்டது, அவ்வாறே வெளிவந்தது. கதையும் அதற்கேற்ப ஆழம் பெற்றது. நாயகியரின் பாட்டனாரான அரசர் வடபுல மக்களுக்கு நட்பின் பெயரால் அணையொன்று கட்டிக் கொடுத்து வஞ்சித்தமையும், நாயகியரின் தாயே அம்மக்களைச் சேர்ந்தவள் என்பதும் அதில் வெளிப்படுகின்றன. நோர்வேயில் அல்ரா ஆற்று அணைக்கட்டை எதிர்த்துச் சாமி மக்கள் 1979இல் ஒஸ்லோவில் உண்ணாவிரதம் இருந்தமையும், 1989இல் அந்நாட்டில் அவர்களது நாடாளுமன்றம் திறந்துவைக்கப்பட்டமையும் அறிந்தோர்க்கு இக்கதையின் பொருள் எளிதிற் புலப்படும். அப்போராட்டத்தினூடே அவர்கள் பெற்ற அரசியல் நிறுவனமே, பிற்காலத்தில் உலகப் பெருநிறுவனம் ஒன்றின் எதிரே அமர்ந்து நிபந்தனை விதிக்கும் தகுதியை அவர்களுக்கு அளித்தது. திரையிற் கிடைத்த இடத்திற்கு முன்னதாக, திரைக்கு வெளியே வென்ற இடம் இருந்தது.

வேறொரு வழியையும் ஐரோப்பியக் கலைஞர் காட்டியுள்ளனர். கினியில் இளமைக்காலத்தைக் கழித்த பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் ஒசலோ, 2006இல் எடுத்த ‘அசூரும் அஸ்மாரும்’ படத்திற் பழைய கதையொன்றின் முகத்தை மாற்றாது, பழைய வடிவிற் புதிய கதையொன்றைப் படைத்தார். அராபியச் செவிலித்தாயினால் தன் மகனோடு ஒருசேர வளர்க்கப்படும் நீலவிழிப் பிரெஞ்சுச் சிறுவன், வளர்ந்தபின் கடல்கடந்து செல்கின்றான். அங்கே அவனது நீலவிழிகளே தீய சகுனமாக அஞ்சப்படுகின்றன. அராபிய உரையாடல்கள் மொழிபெயர்ப்பின்றியே விடப்பட்டுள்ளன. அயலான் ஆவது எத்தகையது என்பதைப் பெரும்பான்மை இனத்துக் குழந்தையே உணருமாறு செய்யும் உத்தி இது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகின்றன. ஐரோப்பியத் தேவதைக் கதைகள் எனப்படுபவை பல நாடுகளினூடு நடந்து வந்தவை. அவற்றுக்குத் தேசிய வேலியிட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஒற்றை முகமளித்தது இருபதாம் நூற்றாண்டு. அம்முகத்தை மாற்றுதல் மரபுக்கு மாறானது என்ற வாதத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. அதே வேளையில், முகமாற்றம் ஒன்றினாலேயே நீதி நிலைநாட்டப்பட்டுவிடும் என்பதும் ஏற்புடைத்தன்று. அரண்மனையும் அடிமைத்தனமும் வினாவப்படாது எஞ்ச, அரியணையில் அமர்பவரின் நிறம் மட்டும் மாறுமாயின், அது நுழைவுச்சீட்டு வாங்குவோர் தொகையைப் பெருக்கும் வணிக உத்தியாகச் சுருங்கிவிடக்கூடும். பொம்மைப் பரிசோதனையிற் கண்ட குழந்தைக்கு இம்முகமாற்றம் அற்பமானதன்று என்பதையும் மறத்தலாகாது. தன்னைப் போன்ற ஒருத்தியைத் திரையில் முதன்முறை காணும் குழந்தையின் மகிழ்ச்சியை முதலாளியின் இலாபக் கணக்கைக் காட்டிப் பழித்தல் எளிது, அது நியாயமாகாது.

பல இனத்தவரும் பல மொழியினரும் சேர்ந்து வாழும் நாடுகளில் ஒரு கதையோ கலையோ தொன்மமோ தமக்கு மட்டுமே உரியதென ஒரு சாரார் உரிமை கோரும்போதெல்லாம், அக்கோரிக்கையின் வயது எவ்வளவு எனக் கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகும். பெரும்பாலும் அது கதையின் வயதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். யே சியெனின் பொற்பாதணியும் பெறோவின் கண்ணாடிப் பாதணியும் ஒரே கதையின் இரு தடங்கள். தனக்கு முன்னும் பின்னும் அக்கதையைச் சொன்னோர் எந்நாட்டவர் என்பதை அறியாமலே ஒவ்வொரு நாட்டினரும் அதனைத் தமதாக்கி மகிழ்ந்தனர். பிறருக்கும் அது உரியதே என்பதை அறிந்துகொண்டே அவ்வாறு மகிழ முடியுமா என்பதுதான், பழைய கதைகள் இந்நூற்றாண்டின் முன் வைத்துள்ள சோதனை.